கப்பலில் வந்த கல்

எண்ணூர்க் கரையின் கதை – 14

சென்ற இதழில் உப்பளங்களை ஒட்டி ஆலைகள் எழுந்த கதையைச் சொன்னேன். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் மறு ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியதும், அதன் பின்னால் வார்ப்பாலையும் உர ஆலையும் வந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆலைச் சங்கைக் கேட்டுக் காத்திவாக்கத்துக்குக் குடிவந்தவர்கள் பலர். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மூட்டை முடிச்சோடு ரயிலேறி வந்தார்கள். ஒரு கூட்டத்தார் மட்டும் கப்பலில் வந்தார்கள். இன்றைக்கும் எண்ணூரில் ஒரு குடியிருப்புக்குப் பர்மா நகர் என்று பெயர்.

அங்கே எனக்குப் பழக்கமான ஓர் ஆயா இருக்கிறார். அவர் வீட்டுத் திண்ணையில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், வட்டமான ஒரு கல் கிடக்கும். ஒரு சாண் அகலம். பார்த்தால் சந்தனக் கல் போலத்தான் இருக்கும். ஆனால் ஓரத்தைச் சுற்றி விரல் நுனி போகும் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். நடுப்பகுதி தேய்ந்து தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கும். தனக்கா உரசும் கல் அது. பர்மாவில் தனக்கா மரத்தின் பட்டையைத் தண்ணீர் விட்டு உரசி, வழித்தெடுத்து, கன்னத்தில் பூசிக்கொள்வார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சி. பெண்களும் குழந்தைகளும் அதைப் பூசாமல் வெளியே கிளம்ப மாட்டார்கள். உரசும்போது வழியும் தண்ணீர் கீழே சிந்தாமல் இருக்கத்தான் அந்தப் பள்ளம்.

“நகை எல்லாத்தையும் கழட்டி வாங்கிக்கினாங்க. எங்கம்மா காதுல இருந்த தோட்டைக்கூட வுடல. இது வெறும் கல்லுதானேன்னு வுட்டுட்டாங்க” என்றார் ஆயா. 1965-ல் ரங்கூன் துறைமுகத்தில் நடந்த சோதனையைச் சொல்கிறார். அப்போது அவருக்குப் பதினோரு வயது.

தமிழர்கள் ரங்கூனுக்குப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1852 போரில் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பியச் சந்தைக்கு அரிசி அனுப்புவது எளிதாயிற்று. ஐராவதி டெல்டாவின் சதுப்பு நிலங்களைத் திருத்தி நெல் விளைவிக்கக் கை வேண்டும், பணமும் வேண்டும். தஞ்சாவூர், இராமநாதபுரம், தென்னாற்காடு மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரக் கடற்கரையிலிருந்தும் கூலிகளாக ஆட்கள் போனார்கள். செட்டிநாட்டிலிருந்து பணம் போனது. சென்னைத் துறைமுகத்தில் தளத்துச் சீட்டு வாங்கி ஏறினால் சில நாளில் ரங்கூன். அறுவடைக்குப் போய், ஆலையில் நெல் குத்தி, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, சீட்டுப் போட்டுச் சேர்த்த காசோடு ஊர் திரும்பினவர்கள் உண்டு. திரும்பாமல் அங்கேயே குடும்பமானவர்களும் உண்டு. 1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரத்தின் நான்கு லட்சம் பேரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். பர்மியரின் தலைநகரத்தில் பர்மியரே சிறுபான்மை.

பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்த எண்ணிக்கையில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு நம் மக்களின் துயரத்தை மட்டும் எழுதினால் கதை பாதிதான். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் நிலம் ஈட்டில் மூழ்கியது. 1930-களின் முடிவில் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நிலத்தின் கால்பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. நிலத்தை வாங்கி உழவேண்டும் என்று அவர்கள் அங்கே போகவில்லை. கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலம். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தராது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலைக்காகத் தெலுங்குத் தொழிலாளர்களுக்கும் பர்மியருக்கும் மூண்ட சண்டை நகரக் கலவரமாயிற்று. 1938-ல் மறுபடி கலவரம். அடி வாங்கியவர்கள் பெரும்பாலும் வட்டிக்கு விட்டவர்கள் அல்லர், கூலிகளும் பெட்டிக்கடைக்காரர்களும்தான்.

1941 டிசம்பர் 23-ந் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலை வழியாகவும், சிந்த்வின் ஆற்றைக் கடந்து மணிப்பூர் வழியாகவும் நடந்தே இந்தியா வந்தவர்கள் லட்சக்கணக்கானோர். காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் பல்லாயிரம். ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மாவும் அப்படி நடந்து வந்தவர்தான். ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ என்று அவர் எழுதிவைத்த நூலைத் தமிழில் அகதி வாழ்க்கை பற்றி எழுதப்பட்டவற்றுள் முதல் வரிசையில் வைக்கவேண்டும் என்பது என் எண்ணம். பத்து ஆண்டு கழித்து, 1952 தீபாவளிக்கு வெளியான ‘பராசக்தி’யும் ரங்கூனில் வாழ்ந்த ஒரு குடும்பம் அந்தப் போரில் சிதறிய கதைதானே. வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் தலைமுறைகள் பல கடந்துவிட்டன. அது ஓர் அகதிக் குடும்பத்தின் கதை என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

போர் முடிந்ததும் பலர் மறுபடியும் ரங்கூனுக்கே போனார்கள். ஆயாவின் தாத்தாவும் அப்படித்தான். அங்கே கடை இருந்தது, வீடு இருந்தது, வாங்கவேண்டிய கடன் பாக்கி இருந்தது. இங்கே இராமநாதபுரத்துச் சொந்த ஊரில் அவர் பங்குக்கு என்று ஒன்றும் மிச்சமில்லை.

1948 ஜனவரி 4-ல் பர்மா விடுதலை பெற்றது. அந்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கியிருக்கலாம். சிலர் வாங்கினார்கள். பலர் விண்ணப்பிக்கவே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்குச் சட்டத்தைப் பற்றி யார் சொல்வது? விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. இப்படியாக, பர்மிய மொழியில் கனவு காணும் ஒரு தலைமுறை ‘வெளிநாட்டவர் பதிவுச் சான்று’ ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாழ்ந்தது.

1962 மார்ச் 2-ல் ஜெனரல் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963 பிப்ரவரியில் வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச் 19-ல் ரங்கூன் கடைகள் அரசுடைமை. ஆயாவின் அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தார். காலையில் கடை திறக்கப் போனவரைப் பட்டாளத்துக்காரர்கள் வாசலிலேயே நிறுத்தினார்களாம். உள்ளே இருந்த சரக்கைக் கணக்கெடுத்து, சாவியை வாங்கிக்கொண்டு, பலகையைக் கழற்றிவிட்டு, ‘மக்கள் கடை’ என்று ஓர் எண்ணோடு வேறு பலகை மாட்டினார்கள். அப்பா மாலை வரை எதிர்த் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார் என்று ஆயா சொல்வார். அவர் அதிகம் சொல்வது அந்த மாலையைப் பற்றித்தான்.

கடை போனாலும் கையில் கொஞ்சம் ரொக்கம் இருந்தது. மே 17-ல் அதுவும் போனது. ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வங்கியை நம்பாமல் தலையணைக்குள் தைத்து வைத்திருந்தவர்கள் சிறு வணிகர்கள்தான். அந்தத் தலையணைகளைப் பிரித்துக் கட்டுகளை எடுத்துக்கொண்டு மாற்றுமிடத்துக்கு ஓடினார்கள். கிடைத்தது சொற்பம். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒரே குடும்பத்துக்கு இரண்டாவது முறையாக எல்லாம் போய்விட்டது. முதல் முறை குண்டு விழுந்தது. கண்ணால் பார்க்க முடிந்தது. இந்த முறை சத்தமே இல்லை.

இந்திய அரசு கப்பல்களை ஏற்பாடு செய்தது. தூதரகம் கொடுத்த பயணச் சான்று, இரண்டு டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருட்டு, பாத்திரம், அப்புறம் அந்தக் கல். நகைக்கும் பணத்துக்கும் கடுமையான வரம்பு இருந்தது. வரம்புக்கு மேல் இருந்ததைத் துறைமுகத்திலேயே பறித்துக்கொண்டார்கள். 1963 முதல் இப்படிக் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

ஆயாவின் குடும்பம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது 1965 தை மாதக் கடைசியில். வாசகர்கள் அந்தத் தேதியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்று தமிழ்நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். கோடம்பாக்கம் சிவலிங்கம் தீக்குளித்தது அந்த நாளில்தான். மாணவர்கள் தெருவில். ஆயுதப் போலீஸ் தெருவில். தடியடி, துப்பாக்கிச் சூடு. பட்டாளத்திடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்த மனிதர் துறைமுக வாசலைத் தாண்டியதும் பார்த்தது துப்பாக்கிகளை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளேயே ஓடப் பார்த்தார் என்கிறார் ஆயா. அங்கே இருந்த ஒரு சுமைதூக்கிதான் கையைப் பிடித்து நிறுத்தி, “பயப்படாதண்ணே, பசங்க தமிழுக்காகக் கெளம்பியிருக்காங்க” என்றாராம். அப்பாவுக்கு அது விளங்கவே சில நாள் ஆயிற்று. தமிழ் பேசியதற்காகப் பர்மாவில் ஒதுங்கி நடந்தவர். இங்கே தமிழுக்காகவே ஊர் எரிகிறது.

அரிசிக்கும் பஞ்சம். உலகத்துக்கே அரிசி அனுப்பிய நாட்டிலிருந்து வந்தவர்கள் ரேஷன் வரிசையில் நின்றார்கள். ஒரு காலத்தில் சென்னைக்கு ரங்கூன் அரிசி கப்பல் கப்பலாக வந்தது. முதியவர்கள் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம் எப்படி வேலை செய்தது என்பதை அரசியல் நூல்களில் படிக்கலாம். ஆயாவின் அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பார்: அந்த வரிசையில் நின்றவருக்கு அதற்கு மேல் வேறு கொள்கை விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அரசு ஏடுகளில் இவர்களுக்குக் கொடுத்த பெயர் ‘பர்மாவிலிருந்து தாயகம் திரும்பியோர்’. நல்லெண்ணத்தில் வைத்த பெயர்தான். ஆனால் அந்தப் பெயரே இவர்களுக்கு நேர்ந்த தொல்லைகளில் பாதிக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். திரும்புவதற்கு முதலில் புறப்பட்டிருக்க வேண்டும். ஆயா புறப்பட்டது ரங்கூனிலிருந்து. அவர் அப்பா பிறந்ததும் ரங்கூனில். திரும்பியோர் என்று எழுதிவிட்டால் அவர்களுக்கு இங்கே வீடும் உறவும் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருளாகிவிடுகிறது. சிறு கடனும் பயணச் செலவும் கொடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பினால் போதும் என்று அதிகாரிகளும் நினைத்துவிட்டார்கள். சொந்த ஊருக்குப் போனால், மூன்று தலைமுறைக்கு முன் பங்கு பிரித்துக்கொண்ட பெரியப்பன் பேரன்மார், நிலம் கேட்க வந்துவிட்டார்களோ என்று கதவைப் பாதி திறந்து பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் ஆயாவின் குடும்பம் மறுபடி சென்னைக்கே வந்துவிட்டது. வந்தவர்கள் என்று எழுதியிருந்தால், புதிதாக வந்தவர்களுக்கு என்னென்ன வேண்டுமோ அதை யோசித்திருப்பார்கள்.

இங்கே பிழைக்க முடியாமல் பர்மாவுக்கே நடந்து போய்விடலாம் என்று கிளம்பியவர்களும் இருக்கிறார்கள். மணிப்பூர் எல்லையில் மோரே வரை போனார்கள். அக்கரையில் தமுவில் பர்மியப் பட்டாளம் மறித்தது. முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் வர மனமில்லாமல் எல்லைக்கோட்டிலேயே குடிசை போட்டுத் தங்கினார்கள். மோரேயில் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் எழும்பியது அப்படித்தான். 2023 மணிப்பூர்க் கலவரத்தில் அங்கேயும் தமிழர் வீடுகள் எரிந்தன. ஆயாவின் சின்ன மாமா அறுபதுகளில் மோரேக்குப் போனவர். கடிதம் வந்துகொண்டிருந்து ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது.

சென்னையில் இவர்கள் ஒட்டிக்கொண்டது வடக்கே. வியாசர்பாடி, செங்குன்றம், எண்ணூர் என்று குடியிருப்புகள் உருவாயின. துறைமுகத்தை விட்டு அதிகத் தூரம் போகாமல் இருந்தார்கள் என்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். காத்திவாக்கத்தில் அப்போது வேலைக்குக் குறைவில்லை. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. 1970-ல் முதல் அலகு ஓடத் தொடங்கி, பின்னால் ஐந்து அலகுகளும் சேர்ந்து 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017-ல் மூடப்பட்ட நிலையம் அது. ஜவுளிக்கடை முதலாளியாக இருந்த அப்பா அங்கே ஜல்லி சுமந்தார். துணியை முழம் போட்டு அளந்த கை. முதல் வாரம் கொப்புளம் வெடித்து, சோற்று உப்புப் பட்டால் கை எரியும் என்பதால் அம்மாதான் ஊட்டிவிட்டாராம். அக்கம்பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை; ஒரு சட்டி மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்தோடு இன்றைக்கும் இவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு.

பிள்ளைகளின் பாடு வேறு. ரங்கூனில் ஐந்தாம் வகுப்பு படித்த ஆயாவுக்குப் பர்மிய எழுத்து சரளம். தமிழ் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். தமிழ் எழுத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாலும் ‘ழ’ எழுதும்போது மட்டும் கை பர்மிய வட்டத்துக்கே போய்விடும் என்கிறார். இப்போதும் கையெழுத்துப் போடும்போது பாருங்கள். எழுத்தெல்லாம் உருண்டை உருண்டையாக இருக்கும்.

1969-ல் துறைமுகத்துக்கு எதிரே, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய நடைபாதையில் பர்மா பஜார் அமைந்தது. அதே ஆண்டில்தான் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக ரெப்கோ வங்கியும் தொடங்கப்பட்டது. ‘பராசக்தி’க்கு வசனம் எழுதியவர் முதலமைச்சரானதும் அந்த ஆண்டில்தான். ஆயாவின் அப்பா ஜல்லிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, பஜாரில் ஓர் உறவினர் கடையில் உட்கார்ந்தார். காலையில் காத்திவாக்கத்தில் ரயிலேறிக் கடற்கரையில் இறங்குவார். கப்பல் மாலுமிகள் கொண்டுவரும் நைலான் துணி, கைக்கடிகாரம், செண்டு, டிரான்சிஸ்டர் எல்லாம் அங்கே விற்கும். இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு இருந்த காலத்தில் சென்னை நடுத்தரக் குடும்பங்கள் வெளிநாட்டுச் சாமானைத் தொட்டுப் பார்த்த முதல் இடம் அதுதான். கடத்தல் சரக்கு என்று பஜாருக்குக் கெட்ட பெயரும் உண்டு, சோதனைகளும் நடந்தன. ஆனால் நாலடிக் கடையில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு சமூகமே நிமிர்ந்து எழுந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பல மொழி பேசி, பல நாட்டு மாலுமியோடு பேரம் பேசத் தெரிந்தது இவர்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்த முதல். அதைச் சோதனையில் யாராலும் பறிக்க முடியவில்லை.

ஆயா பஜாருக்குப் போகவில்லை. திருமணமாகி, கணவர் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தபோது, மாலை வேளைகளில் அத்தோ கடை போட்டார். ‘அதோக்’ என்றால் பர்மிய மொழியில் கலந்து பிசைந்தது. அவர் பிசைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எவர்சில்வர் சட்டியில் மஞ்சள் நூடுல்ஸை ஒரு பிடி எடுத்துப் போடுவார். பச்சை முட்டைக்கோஸைச் சீவி அதன் மேல். வெங்காயம். புளித்தண்ணீர் ஒரு கரண்டி, பூண்டு பொரித்த எண்ணெய் ஒரு கரண்டி, வறுத்த மிளகாய்த்தூள். பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரியலை உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தூவுவார். பிறகு விரல்களை அகல விரித்து, கீழிருந்து மேலாக மூன்று புரட்டு. நான்காவது புரட்டினால் பேஜோ நமத்துப்போகும் என்பார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதிக்கும். அங்கே மீன் போட்டுக் காய்ச்சும் மொய்ங்காதான் இங்கே மீன் இல்லாத சூப்பாக மாறியது. இதில் எனக்கு எப்போதும் வியப்பு உண்டு: மீன் துள்ளும் எண்ணூர்க் கரையில் மீனை எடுத்துவிட்டார்கள். கேட்டபோது ஆயா சொன்னார், “ஆலைல வேலை முடிஞ்சு வர்றவங்க எல்லாரும் துன்னணும்ல. வெள்ளிக்கெழமை, கார்த்திகை மாசம்னு யாரும் திரும்பிப் போவக் கூடாது.”

இன்று அந்தக் கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். சென்னையில் பிறந்து பர்மாவைப் பார்க்காதவர். வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு அத்தோ வடசென்னைச் சாப்பாடு, அவ்வளவுதான். அவர்கள் சொல்வது தவறும் இல்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரம். உர ஆலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்தார்கள். இருட்டில் கைக்குக் கிடைத்த வண்டியில் ஏறித் திருவொற்றியூர்ப் பக்கம் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்த ஆலையை மூடக் கோரி எண்ணூர் மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்த போராட்டம் நூறு நாளைத் தாண்டி நடந்தது. மீனவர் குடும்பங்களோடு பர்மா குடும்பங்களும் அந்தப் பந்தலில் உட்கார்ந்தன. வந்த காலத்தில் குழம்புச் சட்டி கொடுத்த வீட்டு மருமகளும் ஆயாவும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

அந்த இரவில் என்ன எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள் என்று ஆயாவிடம் கேட்டேன். பேத்தி ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டாளாம். அதில் ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, ரெப்கோ பாஸ் புத்தகம், 1965-ல் தூதரகம் கொடுத்த சான்றின் மடிப்பு கிழிந்த தாள்.

“கல்லு?”

“அது எதுக்கு? பாரம். காலைல திரும்பி வூட்டுக்கு வந்துடப் போறோம்” என்றார்.

(தொடரும்)